ஒரே வரலாறு, இரண்டு பரீட்சை

 

நியூயார்க்கில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்: "டீச்சர், பொண்ணு பதினொன்றாம் வகுப்பு. பாடம் அமெரிக்க வரலாறு ஒண்ணுதான். ஆனா மே மாசம் ஏ.பி. பரீட்சை, ஜூன் மாசம் மாநிலப் பரீட்சை. காலேஜுக்கு விண்ணப்பிக்கப் போற நேரம் வேற. எதுக்குப் படிக்கிறதுன்னு தெரியாம வரலாறே பிடிக்கலைங்கிறா." டெக்சாஸில் இருக்கும் என் தங்கை மகனும் ஏறக்குறைய இதையேதான் கேட்டான். அங்கும் மாநிலத் தேர்வு தனி, ஏ.பி. தனி.

பரீட்சை இரண்டானது கூடப் பரவாயில்லை. "வரலாறே பிடிக்கலை" என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டதே, அதுதான் எனக்கு உறைத்தது. நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்து, ஆறு முதல் எட்டு வரை சமூக அறிவியல் நடத்தியவள். அமெரிக்கப் பள்ளியில் பாடம் நடத்தியதில்லை. ஆனால் அவர்களுடைய பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எடுத்து வைத்துப் படித்தேன். இந்தப் பரீட்சைகள் எப்படி வந்தன என்பதையும் தேடிப் படித்தேன். அதுவே ஒரு நல்ல வரலாற்றுப் பாடம். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசி பெஞ்சுக்காரர்களும் முழுதாகப் படிக்க வேண்டும்!

முதலில் ஒன்று. இந்தக் குழப்பம் உங்கள் பிள்ளைகள் காலத்தில் வந்ததல்ல. 120 வருஷத்துக்கு மேலாக இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் ஒவ்வொரு கல்லூரியும் தனக்கென்று நுழைவுத் தேர்வு வைத்திருந்தது. ஒரு கல்லூரி கிரேக்க, ரோமானிய வரலாறு கேட்கும். இன்னொன்று இங்கிலாந்து வரலாறு கேட்கும். மற்றொன்று அமெரிக்க வரலாறு. ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை வேறு வேறு கல்லூரிக்கு வேறு வேறு விதமாகத் தயார் செய்ய வேண்டும். ஆசிரியர் பாடு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதைத் தீர்க்கத்தான் 1900ல் காலேஜ் போர்டு தொடங்கப்பட்டது. எல்லாக் கல்லூரிக்கும் பொதுவாக ஒரே தேர்வு என்பது அதன் நோக்கம். 1901 ஜூனில் முதல் தேர்வு நடந்தபோது எழுதியவர்கள் 973 பேர். வரலாறும் அதில் ஒரு பாடம். அப்போது எல்லாமே கட்டுரை விடைதான். வாசகர்கள் என்று சொல்லப்பட்ட திருத்துநர்கள் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கூடி உட்கார்ந்து கையால் திருத்தினார்கள். நம் ஊர் விடைத்தாள் திருத்தும் மையம் மாதிரியே நினைத்துக்கொள்ளுங்கள்.

1942ல், போர்க்காலத்தில், அந்தக் கட்டுரைத் தேர்வு நின்றுபோனது. அதற்குள் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் பரீட்சை வந்துவிட்டது. பொதுத் திறனுக்கு எஸ்.ஏ.டி. 1926லேயே தொடங்கியது. பாடவாரியான சாதனைத் தேர்வுகள் 1937ல் வந்தன. அவைதான் பிற்காலத்தில் எஸ்.ஏ.டி. பாடத் தேர்வு என்று பெயர் மாறின. உங்களில் மூத்தவர்கள் சிலர், அங்கேயே பிறந்து வளர்ந்த அண்ணன் அக்கா பிள்ளைகள், அதை எழுதியிருப்பார்கள். அமெரிக்க வரலாற்றுக்கு 60 நிமிஷத்தில் 90 கேள்வி. ஒரு கேள்விக்கு 40 விநாடி. தப்பாகக் குறித்தால் கால் மதிப்பெண் போய்விடும்.

ஏ.பி. பிறந்த கதை வேறு. 1950களின் தொடக்கத்தில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் மூன்று பெரிய தனியார் பள்ளிகளும் சேர்ந்து ஒரு ஆய்வு செய்தன. நல்ல பள்ளியில் படித்த பிள்ளைகள் கல்லூரி முதலாண்டில் அதே பாடத்தைத் திரும்பவும் படிக்கிறார்கள் என்று கண்டார்கள். படித்ததையே ஏன் மறுபடி படிக்க வேண்டும்? பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் ஒரு தேர்வு வைத்துவிடுவோம், தேறியவர்கள் மேலே போகட்டும் என்று முடிவு செய்தார்கள். 1956ல் காலேஜ் போர்டு ஏ.பி. தேர்வுகளை நடத்தத் தொடங்கியது. முதல் வருஷம் எழுதியவர்கள் 1,229 பேர். இன்று அமெரிக்க வரலாறு ஒரு பாடத்தை மட்டும் வருஷத்துக்கு நான்கு லட்சம் பேருக்கு மேல் எழுதுகிறார்கள்.

கவனித்தீர்களா? 1900ல் கல்லூரிக்குக் கல்லூரி இருந்த இரட்டிப்பு வேலையைக் குறைக்க ஒரு தேர்வு. 1956ல் பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையே இருந்த இரட்டிப்பைக் குறைக்க இன்னொரு தேர்வு. இரண்டும் சேர்ந்து ஒரு புது இரட்டிப்பு. அறுபது வருஷத்துக்கு மேல் அமெரிக்கப் பிள்ளைகள் ஒரே வரலாற்றுக்கு ஏ.பி.யும் பாடத் தேர்வும் அடுத்தடுத்து எழுதினார்கள். கடைசியில் 2021 ஜனவரியில் பாடத் தேர்வு இனி இல்லை என்று காலேஜ் போர்டு அறிவித்தது. ஏ.பி. பரவலாகிவிட்டதால் அது தேவையில்லை என்பது காரணம். அதற்காகவே தடித்தடியான பயிற்சிப் புத்தகம் வாங்கிப் பாதி படித்து முடித்தவர்கள் அன்று என்ன செய்திருப்பார்கள், பாவம்.

மாநிலத் தேர்வோ இவை எல்லாவற்றுக்கும் மூத்தது. நியூயார்க்கின் ரீஜென்ட்ஸ் தேர்வு 1878லேயே உயர்நிலைப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. அது பள்ளிச் சான்றிதழுக்கான தேர்வு.

இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. பரீட்சைகள் வரும், போகும், பெயர் மாறும். இன்று இருக்கும் ஒன்றை நம்பி, அதன் அச்சிலேயே பிள்ளையை வார்த்தால், அச்சு மாறும்போது பிள்ளைதான் திண்டாடும்.

சரி, இரண்டு பரீட்சையும் எதைக் கேட்கின்றன? ஒரு உதாரணம் பார்ப்போம்.

1773 டிசம்பர் 16. பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். எட்டாம் வகுப்பிலேயே உங்களுக்கு நான் ஒரு வரி சொல்லியிருப்பேன். பழைய பாடத் தேர்வு இதைக் கேட்டால், "இதன் உடனடி விளைவு என்ன?" என்று கேட்கும். 1774ல் பிரிட்டன் கொண்டுவந்த அடக்குமுறைச் சட்டங்கள் என்று குறித்தால் முடிந்தது. நம் ஊர் 'பொருத்துக' போலத்தான்.

ஏ.பி. அப்படிக் கேட்பதில்லை. அந்தக் காலத்துக் கடிதம் ஒன்றிலிருந்தோ செய்தித்தாளிலிருந்தோ ஒரு பத்தியைக் கொடுக்கும். எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், அவர் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம், அதற்கு முன் என்ன நடந்திருந்தது என்று கேட்கும். அந்தத் தேயிலை யாருடையது? கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. கம்பெனி கடனில் தத்தளித்தது, லண்டன் கிடங்குகளில் விற்காத தேயிலை குவிந்து கிடந்தது. அதைக் கைதூக்கிவிடத்தான் 1773 தேயிலைச் சட்டம். இது தெரிந்த பிள்ளைக்கு 40 விநாடிக் கேள்வியும் சுலபம், 40 நிமிஷக் கட்டுரையும் சுலபம். ஆண்டை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளைக்கு முதலாவது மட்டும்தான் முடியும்.

அதனால் என் முதல் யோசனை: கடினமான பரீட்சைக்குப் படியுங்கள், மற்றது தானே அடங்கிவிடும். தலைகீழாகச் செய்தால் நடக்காது.

ஏ.பி. அமெரிக்க வரலாற்றின் அமைப்பைப் பெற்றோரும் தெரிந்துகொள்வது நல்லது. மொத்தம் 3 மணி 15 நிமிஷம். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் 55 கேள்விகளுக்கு 40 சதவீதம். மூன்று குறுவினாக்களுக்கு 20 சதவீதம். ஏழு ஆவணங்களைக் கொடுத்து, அவற்றை வைத்து வாதம் எழுதச் சொல்லும் கட்டுரைக்கு 25 சதவீதம். நெடுங்கட்டுரைக்கு 15 சதவீதம். அந்த ஆவணக் கட்டுரை 1973ல் அமெரிக்க வரலாற்றுத் தேர்வில்தான் முதலில் வந்தது. 2025 மே முதல் தேர்வைக் கணினியில் தட்டச்சு செய்துதான் எழுத வேண்டும்.

ரீஜென்ட்ஸின் அமெரிக்க வரலாறும் ஆட்சியும் தேர்வில் 28 கொள்குறி வினாக்கள், இரண்டு தொகுதிக் குறுங்கட்டுரைகள், பிறகு ஆறு ஆவணங்களைக் கொண்டு ஒரு குடிமைக் கட்டுரை. ஏழு ஆவணம் அங்கே, ஆறு ஆவணம் இங்கே. ஒன்றுக்குப் பழகிய கை இன்னொன்றுக்கு ஓடாதா? ஒரு வித்தியாசம் உண்டு. ஏ.பி. "உன் வாதம் என்ன?" என்று கேட்கும். ரீஜென்ட்ஸ் "பிரச்சினை என்ன, அதைத் தீர்க்க என்ன முயற்சி நடந்தது, எவ்வளவு பலித்தது?" என்று வரிசையாகக் கேட்கும். மே மாதம் ஏ.பி. முடிந்ததும் ஜூன் வரை இருக்கும் சில வாரங்கள் அந்த வரிசைக்குப் பழகவும், அரசியலமைப்புப் பகுதியை இன்னொரு முறை பார்க்கவும் தாராளமாகப் போதும். பாடத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

இரண்டாவது யோசனை: காலக்கோடு. பத்தாம் வகுப்பில் 'காலக்கோடு வரைக' என்றால் எத்தனை பேர் அலறியிருப்பீர்கள்! இப்போது அதுதான் கைகொடுக்கும். ஒரு நீளமான தாளை எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். மேலே ஒரு நிறத்தில் ஏ.பி. எல்லை, கீழே இன்னொரு நிறத்தில் மாநிலத் தேர்வின் எல்லை. பத்தாம் வகுப்பில் உலக வரலாறு படிக்கும் பிள்ளைக்கு இது இன்னும் அவசியம். ஏ.பி. உலக வரலாறு 1200ல் தொடங்குகிறது. நியூயார்க் ரீஜென்ட்ஸ் உலக வரலாற்றுத் தேர்வு 1750ல் தொடங்குகிறது. இரண்டும் எங்கே சேர்ந்து ஓடுகின்றன, எங்கே பிரிகின்றன என்பது கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

அந்த 1200 என்ற எல்லைக்கும் ஒரு கதை இருக்கிறது. முன்பு ஏ.பி. உலக வரலாறு ஆதி வேளாண்மைக் காலத்திலிருந்தே இருந்தது. பாடம் மிக அதிகம் என்று 2018 மே மாதம் காலேஜ் போர்டு 1450லிருந்து தொடங்கலாம் என்றது. ஆசிரியர்களும் மாணவர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 1450ல் தொடங்கினால், ஐரோப்பியர் கப்பலேறிய பிறகுதான் உலகத்துக்கு வரலாறே வந்தது போல ஆகிவிடும் என்றார்கள். இரண்டே மாதத்தில், ஜூலையில், எல்லை 1200க்குப் பின்னே போனது. அமெரிக்க வரலாற்றிலும் இப்படி நடந்திருக்கிறது. 2014ல் வந்த புதிய பாட வரையறை நாட்டின் குறைகளையே பேசுகிறது என்று ஒரு தரப்பு சண்டை போட்டது. கொலராடோவில் பாடத்தைத் திருத்தக் கூடாது என்று மாணவர்களே வகுப்பைவிட்டு வெளியே வந்தார்கள். 2015ல் வரையறை மறுபடி திருத்தப்பட்டது.

ஆக, எங்கே தொடங்குவது, எதைச் சேர்ப்பது என்பதெல்லாம் மனிதர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்வது. வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1200ல் தொடங்கினால் விஜயநகரம் உள்ளே வருகிறது. 1010ல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலும், 1025ல் ராஜேந்திர சோழன் கடாரத்துக்கு அனுப்பிய கடற்படையும் வெளியே நிற்கின்றன. பரீட்சையில் இல்லை என்பதால் அவை நடக்காமல் போகவில்லை. இதைப் பிள்ளைகளிடம் பெற்றோர்கள்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது யோசனை, எனக்குப் பிடித்தது: தொடர்பு படுத்துங்கள். ஏ.பி. திருத்துநர்கள் பின்னணி, காரணம், ஒப்பீடு, தொடர்ச்சியும் மாற்றமும் என்று நான்கு திறனைத் தேடுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. அவர்களுக்கு இரண்டு ஊர்க் கதை தெரியும்.

1781 அக்டோபரில் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் தோற்றுச் சரணடைந்த படையின் தளபதி காரன்வாலிஸ். அமெரிக்கப் புத்தகத்தில் அவர் கதை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். நம் புத்தகத்தில் அங்கேதான் தொடங்கும்! 1786ல் அவர் இந்தியாவுக்குத் தலைமை ஆளுநராக வந்தார். திப்பு சுல்தானோடு போரிட்டார். 1792 உடன்படிக்கையில் திண்டுக்கல்லும் பாராமகாலும், அதாவது நம் கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கமும் கம்பெனி கைக்கு வந்தன. பாராமகாலில்தான் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் விவசாயியிடம் நேரடியாக வரி வாங்கும் முறையைச் செய்து பார்த்தார்கள். ரயத்துவாரி என்று படித்தீர்களே, அதுதான். அமெரிக்காவை இழந்த பேரரசு நம் வயல்காட்டுக்கு எப்படி வந்தது என்று ஒரு பிள்ளைக்குப் புரிந்துவிட்டால், 'பின்னணி எழுதுக' என்பதற்கு அது தடுமாறவே தடுமாறாது.

விண்ணப்பிக்கும் கல்லூரிகளின் பெயரிலேயே கூட வரலாறு இருக்கிறது. யேல் என்ற பெயரைத் தந்த எலிஹு யேல் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக 1687 முதல் 1692 வரை இருந்தவர். முறைகேட்டுக் குற்றச்சாட்டில் பதவி போனது. அவர் காலத்தில் சென்னையிலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டார்கள். இங்கே சேர்த்த செல்வத்திலிருந்து 1718ல் ஒன்பது மூட்டைச் சரக்கும், 417 புத்தகங்களும், ஒரு ராஜா படமும் கனெக்டிகட்டில் இருந்த சிறு கல்லூரிக்கு அனுப்பினார். அதற்கு நன்றியாகத்தான் அந்தப் பெயர். அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு இந்த நல்லதும் கெட்டதும் தெரிந்திருக்க வேண்டாமா?

இன்னும் கிட்டே வாருங்கள். உங்கள் வீட்டுப் பீரோவில் பழைய பாஸ்போர்ட், விசா, முதல் விமான டிக்கெட் இருக்கும். அவை எல்லாம் ஆவணங்கள். 1923ல் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியர் குடியுரிமைக்காகப் போன வழக்கில், இந்தியர்களுக்குக் குடியுரிமைத் தகுதி இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 1946ல் அந்தத் தடை நீங்கியது. ஆனால் வருஷத்துக்கு 100 இந்தியர் மட்டுமே குடியேறலாம். 1965 அக்டோபர் 3ல் ஜனாதிபதி ஜான்சன் சுதந்திரதேவி சிலையின் அடியில் கையெழுத்திட்ட சட்டம்தான் நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்து வழியைத் திறந்தது. ஏ.பி. பாடத்தில் அந்தச் சட்டம் இருக்கிறது. உங்கள் பிள்ளை அங்கே உட்கார்ந்து அந்தக் கேள்விக்கு விடை எழுதுவதே அந்தச் சட்டத்தின் விளைவுதான். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாஸ்போர்ட்டை மேசையில் வைத்து, "இதை யார் கொடுத்தது, ஏன் கொடுத்தது, இதில் சொல்லாதது என்ன?" என்று கேளுங்கள். காசில்லாத பயிற்சி வகுப்பு அது.

இனி நடைமுறை விஷயம் கொஞ்சம், சுருக்கமாக.

வாரம் ஒரு கட்டுரை, கடிகாரம் வைத்து எழுதட்டும். பழைய ஏ.பி. கட்டுரை வினாக்களும் மதிப்பெண் விதிகளும் காலேஜ் போர்டு தளத்தில் உண்டு. ரீஜென்ட்ஸ் வினாத்தாள்கள் மாநிலக் கல்வித் துறைத் தளத்தில் உண்டு. காசு கொடுத்து வாங்குவதற்கு முன் இவற்றை முடியுங்கள்.

1491 முதல் இன்று வரை ஒன்பது காலப்பகுதி. முதல் பகுதிக்கும் கடைசிப் பகுதிக்கும் மதிப்பெண் குறைவு, ஒவ்வொன்றுக்கும் 4 முதல் 6 சதவீதம்தான். 1754 முதல் 1980 வரையிலான நடுப்பகுதிதான் கனம். கொலம்பஸிலேயே இரண்டு மாதம் நின்றுவிடக் கூடாது.

விண்ணப்பத்தில் காட்ட உதவுவது பதினொன்றாம் வகுப்பு வரை எழுதிய ஏ.பி.தான். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் ஜூலையில் வரும்போது கல்லூரி முடிவு சொல்லி மாதங்கள் ஆகியிருக்கும். அதனால் கடைசி வருஷத்தில் எத்தனை ஏ.பி. எழுதுவது என்பதை நிதானமாக முடிவு செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் நூறு டாலர் அளவில் கட்டணம் வேறு. எந்த மதிப்பெண்ணுக்குச் சலுகை என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023ல் ஏ.பி. அமெரிக்க வரலாறு எழுதியவர்களில் 3 அல்லது அதற்கு மேல் வாங்கியவர்கள் பாதிக்கும் குறைவு. 2024ல் பத்துக்கு ஏழு பேர். ஒரே வருஷத்தில் பிள்ளைகளுக்கு மூளை வளர்ந்துவிட்டதா? இல்லை. மதிப்பெண் எல்லைகளை நிர்ணயிக்கும் முறையைக் காலேஜ் போர்டு மாற்றியது. 2023ல் 2 வாங்கி அழுத பிள்ளையும், 2024ல் 3 வாங்கிச் சிரித்த பிள்ளையும் ஒரே மாதிரி எழுதியிருக்கலாம். அளவுகோல் நீளும், சுருங்கும். பிள்ளை அதேதான். வீட்டில் அதை வைத்து முகம் சுளிக்காதீர்கள், உறவுக்காரர் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். இதை உறவுகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நாம் பிளஸ் டூ, நுழைவுத் தேர்வு என்று ஒரே பாடத்தை இரண்டு விதமாய்ப் படித்த வீடுகளிலிருந்து வந்தவர்கள். கோனார் நோட்ஸை மனப்பாடம் செய்து கரையேறியவர்கள் நம்மில் நிறையப் பேர். அதே மருந்தை அங்கே இருக்கும் பிள்ளைக்குக் கொடுத்தால் வேலை செய்யாது. அங்கே கேட்பது 'நீ என்ன நினைக்கிறாய், எதை வைத்து நினைக்கிறாய்' என்று. அதற்கு நோட்ஸ் கிடையாது. படித்து, பேசி, எழுதிப் பழக வேண்டும். சாப்பாட்டு மேசையில் பத்து நிமிஷம் பேச விடுங்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ, எதிலாவது பேசட்டும்.

இரண்டு பரீட்சைக்கும் வரலாறு ஒன்றுதான். அதை ஒருமுறை ஒழுங்காகப் படித்தால் போதும். பரீட்சை முடிந்த பிறகும் ஒரு புத்தகத்தை அந்தப் பிள்ளை தானாக எடுத்துப் படித்தால், அதைவிட வேறு 5 மதிப்பெண் வேண்டாம்.

இந்த மே, ஜூனில் எழுதப்போகும் எல்லாப் பேரப்பிள்ளைகளுக்கும் இந்த டீச்சரின் ஆசீர்வாதங்கள். நன்றாகத் தூங்கி, நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போய் எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். உங்களில் ஏற்கெனவே பிள்ளைகளை இந்தப் பரீட்சைகளுக்கு அனுப்பியவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள், மற்றவர்களுக்கு உதவும்.